பல்லைப் பிடித்துப் பார்த்துக் கொடுங்கள்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று வாங்குகிறவனுக்குத்தான் பழமொழி சொல்லி வைத்திருக்கிறோம். கொடுக்கிறவன் பார்த்தானா என்று கேட்க ஒரு பழமொழியும் இல்லை. மூடிப்போன ஸ்டுடியோவின் பரணிலிருந்தும் அப்பாவின் பீரோவிலிருந்தும் இறங்கும் பழைய பிலிம் கேமராக்கள், புதிதாகப் பழக வரும் பிள்ளைகளின் கைக்குச் சும்மாவே போய்ச் சேர்கின்றன. நல்ல மனசோடுதான் கொடுக்கிறார்கள். ஆனால் அந்தக் கேமராக்களில் எத்தனை முதல் ரோலைத் தாண்டுகின்றன என்ற கேள்வி மனசைவிட்டுப் போக மறுக்கிறது. பத்து வருஷம் பேசாமல் கிடந்த இயந்திரத்தை, அதைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரிடம் அப்படியே நீட்டுகிறோம். ஷட்டர் பழுதா, தான் தப்பாகப் போட்டோமா என்று பிரித்துப் பார்க்க அந்தப் பிள்ளைக்கு வழியில்லை. கேமரா ஓசி என்றாலும் ரோல் ஓசியில்லை. ஒரு கலர் ரோல் வாங்கி, கழுவி, ஸ்கேன் போட்டு முடிக்க ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிடும். அந்த ஆயிரம் வெறும் பிலிமாகத் திரும்பி வந்தால், குற்றம் தன் மேல்தான் என்று நினைத்துக்கொண்டு கேமராவை மறுபடி பீரோவில் வைத்துவிடுவார்கள். பரண் மாறியதுதான் மிச்சம்.

வெறும் ரோல்

எல்லாம் அந்த முதல் ரோலில்தான் இருக்கிறது. பிலிம் கழுவும் தொட்டியிலிருந்து எடுத்து விரித்தால் முப்பத்தாறு கட்டமும் கண்ணாடித்தாள் மாதிரி பளிச்சென்று இருக்கும். “அண்ணா, எதுவுமே விழலண்ணா” என்று போன் வரும். இந்த நேரத்தில் “பரவாயில்லை, அடுத்த ரோல் பார்ப்போம்” என்று சொல்வதைவிடப் பெரிய தப்பு இல்லை. பிலிமின் ஓரத்தைப் பார்க்கச் சொல்ல வேண்டும். ஓரத்தில் கம்பெனிப் பெயரும் கட்ட எண்களும் இருக்கும். அவை தொழிற்சாலையிலேயே வெளிச்சத்தால் பதிக்கப்பட்டவை. கேமராவுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே கிடையாது. படத்தை வெளிக்கொண்டுவரும் ரசாயனமான டெவலப்பர் வேலை செய்தால் எழுத்து தெரியும், இல்லையென்றால் தெரியாது. எழுத்தும் இல்லை, படமும் இல்லை என்றால் டெவலப்பர் செத்திருக்கிறது, அல்லது டெவலப்பருக்கு முன்னால், படத்தை நிலைக்க வைக்கும் ஹைப்போவை ஊற்றிவிட்டார்கள். எழுத்து கறுப்பாகத் தெளிவாக இருந்து, கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தால் கழுவியதில் குறையில்லை. பிலிமுக்கு வெளிச்சமே வந்து சேரவில்லை. ஒன்று ஷட்டர் திறக்கவில்லை, இல்லையென்றால் பிலிம் நகரவேயில்லை.

இந்த இரண்டையும் பிரிப்பதற்கு ஒரு கேள்வி போதும்: ரீவைண்ட் செய்தபோது கையில் இறுக்கம் தெரிந்ததா? பிலிம் நகர்ந்திருந்தால் திருப்பிச் சுற்றும்போது முதலிலிருந்து கடைசிவரை ஒரு மெல்லிய இழுப்பு இருக்கும். கடைசியில் பிலிமின் நுனியான நாக்கு விடுபட்டதும் கை சட்டென்று லேசாகும். முதல் சுற்றிலேயே குமிழ் வழுவழுவென்று சுற்றியிருந்தால், நாக்கு எடுக்கும் ஸ்பூலில் மாட்டவே இல்லை. பழகுபவர்களுக்கு நடப்பது பெரும்பாலும் இதுதான். பெரும்பாலான கேமராக்களில் எண் காட்டி, பிலிமை நகர்த்தும் லீவரை இழுத்தால் ஓடும். உள்ளே பிலிம் ஓடுகிறதா இல்லையா என்று அதற்குத் தெரியாது. அது பாட்டுக்கு 36, 37, 38 என்று போய்க்கொண்டே இருக்கும்.

இதைத் தவிர்க்க அறிவுரை உதவாது, ஒரு செத்த ரோல் உதவும். காலாவதியான ரோல் எதுவானாலும் சரி, கேமராவோடு சேர்த்துக் கொடுங்கள். எதிரிலேயே பத்துத் தடவை போட்டு எடுக்கச் சொல்லுங்கள். நாக்கை ஸ்பூலின் பிளவில் செருகி, பின்மூடி திறந்தபடியே லீவரை ஒருமுறை இழுத்து, பிலிமின் இரண்டு ஓரத்து ஓட்டைகளும் பற்களில் உட்கார்ந்ததைப் பார்த்த பிறகே மூட வேண்டும். மூடியதும் ரீவைண்ட் குமிழை அம்புக்குறிப் பக்கமாக மெல்லத் திருகித் தொய்வை எடுக்க வேண்டும். அடுத்து லீவரை இழுக்கும்போது அந்தக் குமிழ் தானாக எதிர்ப்பக்கம் சுழல வேண்டும். சுழன்றால் பிலிம் ஓடுகிறது. ஒவ்வொரு படத்துக்கும் கண் அந்தக் குமிழுக்கு ஒருமுறை போய் வர வேண்டும். சாலை கடக்கும்போது இரண்டு பக்கமும் பார்ப்பது போல இது பழக்கமாகிவிட்டால் வெறும் ரோல் கதை பாதி முடிந்தது. ரோல் முடிந்ததும் அடியில் இருக்கும் சின்னப் பொத்தானை அழுத்திவிட்டுத்தான் திருப்பிச் சுற்ற வேண்டும் என்பதையும் அதே செத்த ரோலில் காட்டிவிடலாம். அழுத்தாமல் பலங்கொண்டு சுற்றினால் ஓட்டைகள் கிழியும், சில நேரம் பிலிமே அறுந்துபோகும்.

பின்மூடியைத் திறக்கும் முன்

கொடுக்கப் போகிறவர் முதலில் செய்ய வேண்டியது, பின்மூடியைத் திறக்காமல் ரீவைண்ட் குமிழைத் திருகிப் பார்ப்பது. இழுப்புத் தெரிந்தால் உள்ளே பிலிம் இருக்கிறது. யாருடைய கல்யாணமோ காதுகுத்தோ பாதியில் நிற்கலாம். திருப்பிச் சுற்றி எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்றது.

அடுத்தது பேட்டரி அறை. விட்டுப்போன பேட்டரி கசிந்து பச்சையாகப் பூத்திருந்தால், காது குடையும் பஞ்சுக்குச்சியில் வினிகர் தொட்டு, தகடு பளபளக்கும்வரை தேய்க்கலாம். பிறகு வெறும் தண்ணீர் தொட்ட குச்சி, அதன் பிறகு உலர்ந்த குச்சி. தகடு சுத்தமாகியும் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் அசையவில்லை என்றால் கசிவு ஒயருக்குள் ஏறியிருக்கும். அது ரிப்பேர்காரர் வேலை.

பின்மூடி ஓரத்துப் பள்ளங்களில் இருக்கும் கறுப்பு ஸ்பாஞ்சுதான் பலரும் பார்க்காத இடம். பத்து இருபது வருஷத்தில் அது வெல்லப்பாகு மாதிரி ஆகிவிடும். விரலால் தொட்டால் கறுப்பாக ஒட்டும். இந்தக் கேமராவில் எடுத்த பிலிமில் ஓரத்திலிருந்து உள்நோக்கிப் புகைபோல வெளிச்சம் கசிந்திருக்கும். சிலருக்கு அது “பிலிம் லுக்” என்று பிடித்தும் போகிறது, அது வேறு கதை. சரிசெய்ய ஒரு மாலை நேரம் போதும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், ஐஸ் குச்சியை உளிபோல் சீவியது, பல்குத்தும் குச்சி, கறுப்பு உல்லன் நூல். முதலில் ஷட்டர் திரைக்கு மேல் ஒரு காகிதத்தை மூடிக்கொள்ளுங்கள். உதிரும் கறுப்புத் துணுக்கு ஒன்று திரைக்குள் போனால் செலவு பத்து மடங்காகும். பாகைச் சுரண்டி, ஆல்கஹால் தொட்ட குச்சியால் பள்ளத்தைத் துடைத்து, நூலை லேசாகப் பசை தொட்டுப் பள்ளத்தில் அமுக்கி வையுங்கள். கீல் பக்கம் மட்டும் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் ஸ்பாஞ்சுத் தாள் வேண்டும். ஒட்டுப்பசை உள்ள ஸ்பாஞ்சு கைபட்ட இடத்தில் கப்பென்று பிடித்துக்கொள்ளும். பசைப்பக்கம் நாக்கால் ஈரம் செய்தால் சில நிமிஷம் வழுக்கும், அதற்குள் நேராக வைத்துவிடலாம். நெயில்பாலிஷ் ரிமூவர் மட்டும் வேண்டாம். அதில் அசிட்டோன் இருந்தால் பெயின்டும் பிளாஸ்டிக்கும் கரையும். கண்ணாடி வந்து மோதும் மேல்பக்க ஸ்பாஞ்சும் பாகாகியிருக்கும். அதை எடுக்கும்போது அதன் மேலே இருக்கும் ஃபோகஸ் திரையில் ஆல்கஹால் படக்கூடாது. தூசி படிந்திருந்தால் படிந்தே இருக்கட்டும், படத்தில் அது வராது.

லென்ஸை எடுத்து, வெளிச்சம் நுழையும் துவாரமான அப்பெர்ச்சரை முழுதாகத் திறந்து, பின்பக்கத்திலிருந்து போன் டார்ச்சை அடித்துச் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி கிளைவிட்டிருந்தால் அது பங்கஸ், அதாவது பூஞ்சை. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடிப் பக்கத்து பீரோ லென்ஸ்களில் இதில்லாமல் பார்ப்பதே அரிது. ஓரத்தில் லேசாக இருந்தால் படத்தில் தெரியாது, சொல்லிவிட்டுக் கொடுக்கலாம். நடுவில் படர்ந்திருந்தால் எதிர்வெளிச்சத்தில் படம் வெளிறும். துடைத்தாலும் கண்ணாடியின் பூச்சை அது அரித்திருக்கலாம். பீரோவில் கேமராவோடு அந்துருண்டை போட்டு வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அது பூச்சியை விரட்டும், ஈரத்தை ஒன்றும் செய்யாது. அரிசி டப்பாவுக்குள் வைப்பதும் அப்படித்தான், மாவுத்தூசிதான் மிச்சம். இறுக்கி மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் நிறம் மாறும் சிலிகா ஜெல் போதும். ஆரஞ்சு பச்சையானதும் வாணலியில் சின்னத் தீயில் சூடாக்கினால் மறுபடி ஆரஞ்சாகும். அந்த வாணலியில் பிறகு சமைக்கக் கூடாது.

எந்தக் கேமரா

பேட்டரி செத்தாலும் ஷட்டர் ஓடுகிற கேமராவைக் கொடுங்கள். 1976 முதல் 1997 வரை வந்த பென்டாக்ஸ் கே1000, கொசினா செய்துகொடுத்த யாஷிகா எஃப்எக்ஸ்-3 சூப்பர் 2000, அதே கொசினா செய்த நிக்கான் எஃப்எம்10 ஆகிய மூன்றும் இந்த ரகம். யாஷிகாவின் மேல்தோல் செதில்செதிலாக உதிர்ந்து சட்டையெல்லாம் கறுப்பாகும். பார்க்கத்தான் அசிங்கம், படத்துக்கு ஒன்றுமில்லை. கே1000 மீட்டருக்குத் தனி சுவிட்ச் கிடையாது. லென்ஸில் வெளிச்சம் படுகிற நேரமெல்லாம் பேட்டரி செலவாகிக்கொண்டே இருக்கும். லென்ஸ் மூடியைக் கட்டாயம் சேர்த்துக் கொடுப்பது இதற்காகத்தான். கேனன் ஏஇ-1 நல்ல கேமராதான், ஆனால் 6 வோல்ட் பேட்டரி இல்லாமல் ஒரு படம்கூட எடுக்காது. எந்தப் பேட்டரி என்று எழுதி ஒட்டிக் கொடுக்க வேண்டிய ரகம் அது. ஒலிம்பஸ் ட்ரிப் 35 என்றால் பேட்டரித் தொல்லையே இல்லை. ‘ஏ’யில் வைத்து, லென்ஸைச் சுற்றியுள்ள தேன்கூட்டுக் கண்ணாடியைக் கையால் மூடிப் பொத்தானை அழுத்துங்கள். காட்சிக்கண்ணில் சிவப்புக் கொடி எழும்பி, ஷட்டர் அடிக்க மறுத்தால் வெளிச்சத்தை மின்சாரமாக்கும் செலினியம் உயிரோடு இருக்கிறது என்று நம்பலாம்.

1960களிலும் 70களிலும் வந்த பல கேமராக்கள் 1.35 வோல்ட் பாதரசப் பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை. இப்போது கடையில் கிடைப்பது 1.5 வோல்ட். கேனனெட் ரேஞ்ச்ஃபைண்டரில் அதைப் போட்டால் மீட்டர், இருக்கும் வெளிச்சத்தைவிட அதிகமாக இருப்பதாக நினைத்துக்கொண்டு படத்தைக் குறைவாகப் பதிக்கும். காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 எண் பேட்டரி ஏறக்குறைய 1.4 வோல்ட் தரும், மருந்துக்கடையில்கூடக் கிடைக்கும். ஸ்டிக்கரை எடுத்ததும் காற்றுப்பட்டு உயிர்பெற்று இரண்டு மூன்று மாதத்தில் ஓய்ந்துவிடும், அவ்வளவுதான். மீட்டரே செத்த கேமரா என்றாலும் கொடுக்கலாம், போனில் இலவச மீட்டர் செயலி இருக்கிறது. 400 ஐஎஸ்ஓ பிலிமுக்கு உச்சிவெயிலில் ஷட்டர் வேகம் 1/500, அப்பெர்ச்சர் எஃப் 16. திறந்த நிழலில் அதே வேகத்துக்கு எஃப் 5.6. இந்த இரண்டையும் எழுதிப் பின்மூடியில் ஒட்டினாலே முக்கால்வாசிப் படம் விழும்.

சோவியத் சோர்க்கி-4 போன்றவற்றைக் கொடுக்க யோசியுங்கள். அதில் பிலிமைச் சுற்றி ஷட்டரை ஏற்றிய பிறகுதான் வேகத்தை மாற்ற வேண்டும், முன்னால் மாற்றினால் உள்ளே உடையக்கூடும். இந்த ஒரு விதியை மறக்காதவர்களுக்கு மட்டும்.

ஒரே சுவர், ஏழு படம்

ஷட்டரைக் காதால் சோதிக்கலாம். பின்மூடியைத் திறந்து 1 நொடியில் வைத்து அழுத்தினால் ‘ட்ர்ர்ர்’ என்ற சீரான ஓசை வர வேண்டும். நடுவில் இழுத்தாலோ நின்றாலோ எண்ணெய் காய்ந்திருக்கிறது. போனில் நொடிக்கு 240 கட்டம் எடுக்கும் ஸ்லோமோஷனில் பிடித்தால் 1/60 வரை எண்ணிப் பார்க்கலாம், அதில் நாலு கட்டம் திறந்திருக்க வேண்டும். அதற்கு மேலே கண்ணும் காதும் ஏமாற்றும். கடைசித் தீர்ப்பு பிலிம்தான்.

ஒரு மலிவான கறுப்பு வெள்ளை ரோல் செலவு செய்யுங்கள். திண்ணை நிழலில் ஒரு சுண்ணாம்புச் சுவர். அதில் மீட்டர் 1/125க்கு எஃப் 5.6 காட்டுகிற நேரம். 1/1000 எஃப் 2, 1/500 எஃப் 2.8, 1/250 எஃப் 4, 1/125 எஃப் 5.6, 1/60 எஃப் 8, 1/30 எஃப் 11, 1/15 எஃப் 16 என்று ஏழு படம். ஏழிலும் உள்ளே போகும் வெளிச்சம் ஒன்றே. ஆகவே கழுவிய நெகட்டிவில் ஏழு கட்டமும் ஒரே கருமையில் இருக்க வேண்டும். எந்தக் கட்டம் வெளிறியிருக்கிறதோ அந்த வேகம் பொய் சொல்கிறது. வேகத்திலும் அப்பெர்ச்சரிலும் எது என்று குழப்பமாக இருந்தால் அப்பெர்ச்சரை மாற்றாமல் இரண்டு படம் கூடுதலாக எடுத்துப் பார்க்கலாம். 1/1000 கட்டத்தில் ஒரு பக்கம் இயல்பாகவும் மறுபக்கம் வெளிறியும் இருந்தால், இரண்டு திரைகளும் ஒரே வேகத்தில் ஓடவில்லை. அப்போதும் தூக்கிப் போட வேண்டாம், “1/500க்கு மேல் போகாதே” என்று எழுதிக் கொடுத்தால் போதும். மீதி ரோலில் முழுதாகத் திறந்த லென்ஸில் ஒரு மீட்டர் தூரத்து நாளிதழ் ஒன்று, தூரத்துக் கோபுரம் ஒன்று எடுத்தால் ஃபோகஸும் தெரிந்துவிடும்.

இந்த நெகட்டிவ் பட்டையையே கேமராவோடு கொடுங்கள். உங்கள் வாய்வார்த்தையைவிட அதற்கு மதிப்பு அதிகம். பிறகு ஏதாவது தப்பானால், கேமரா நன்றாக இருந்ததற்கு அந்தப் பிள்ளையின் கையிலேயே ஆதாரம் இருக்கும்.

தொட்டியின் நடுக்குழல்

வீட்டிலேயே கழுவப் பழகட்டும் என்று பேட்டர்சன் தொட்டியும் கொடுப்பவர்கள் உண்டு. தொட்டி, மூடி, இரண்டு வெள்ளைச் சுருள்கள். பார்க்க முழுசாகத்தான் இருக்கும். சுருளின் நடுவே செருகும் கறுப்புக் குழல் மட்டும் எங்கேயோ போயிருக்கும். சுருளைப் பிடித்து வைக்கும் சாமான் என்று நினைத்துக்கொண்டு, ‘இல்லாமலும் சமாளிக்கலாம்’ என்று கொடுத்துவிடுவார்கள். உண்மையில் தொட்டிக்குள் வெளிச்சம் போகாமல் தடுப்பதே மூடியின் புனலும் அந்தக் குழலும் சேர்ந்துதான். குழல் இல்லாவிட்டால் மூடியின் ஓட்டை வழியே நேராக வெளிச்சம் இறங்கும். ரோல் முழுக்கக் கறுப்பு. குழல் இல்லாத தொட்டி, தொட்டியே இல்லை.

சுருள்களைப் பழைய பல்துலக்கியால் வெந்நீரில் தேய்த்துக் கழுவிக் கொடுங்கள். பழைய சோப்புத்தன்மை ஒட்டியிருந்தால் பிலிம் பாதியில் நின்றுவிடும். நம் ஊர்ப் புழுக்கத்தில், வெளிச்சம் புகாத சேஞ்சிங் பைக்குள் கை வியர்த்து, சுருள் ஈரமானாலும் இதே கதிதான். பிலிம் நுனியின் இரண்டு மூலையையும் கத்தரித்து வளைத்துவிட்டால் ஏறுவது சுலபம். தொட்டியின் அடியில் எழுதியிருக்கும் 290 மில்லி, ஒரு 35 மில்லிமீட்டர் ரோலுக்கான அளவு. கஞ்சத்தனம் பார்த்து 250 ஊற்றினால் மேல் ஓரம் வெளிறும்.

ரசாயனத்தில் திறந்த பாட்டில் எதையும் கொடுக்காதீர்கள். தேநீர் நிறத்துக்கு மாறிய டி-76 டெவலப்பர் சாக்கடைக்குக்கூட வேண்டாம். புதுப் பொடிப் பாக்கெட் ஒன்று, புது ஹைப்போ ஒன்று. ஹைப்போ உயிரோடு இருக்கிறதா என்று பிலிம் நாக்குத் துண்டு ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். தெளிவாவதற்கு ஆகும் நேரத்தைப் போல இரண்டு மடங்கு வைத்தால் சரி. எச்பி5 பிளஸ் என்ற கறுப்பு வெள்ளை பிலிமுக்கு டி-76ஐச் சம அளவு தண்ணீர் கலந்து 20 டிகிரியில் 11 நிமிஷம் என்று சொல்கிறார்கள். சித்திரை மாசத்தில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து 20 டிகிரித் தண்ணீர் எங்கே வரும்? ஐஸ் கட்டியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, டெவலப்பர் பாத்திரத்துக்கு வெளியே இருக்கும் தண்ணீரில் போட்டு 24க்குக் கொண்டுவந்தால் ஏறக்குறைய ஏழரை நிமிஷத்தில் முடிக்கலாம். அதனால் தெர்மாமீட்டர் ஒன்று பெட்டியில் இருந்தே ஆக வேண்டும்.

பெட்டிக்குள் போகக் கூடாதவை

தோல் உறை. வாசனையும் அழகும் உண்டு, ஆனால் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு பங்கஸை வளர்ப்பது அதுதான். பழைய பிளாஷ்களிலும் எச்சரிக்கை வேண்டும். விவிடார் 283இன் ஆரம்பகாலத் தயாரிப்புகளில் கேமராவின் தொடர்பு முனையில் வந்து விழும் ட்ரிகர் வோல்டேஜ் 200ஐத் தாண்டும். பிலிம் கேமராவுக்கு ஒன்றுமில்லை, அந்தப் பிள்ளை வீட்டு டிஜிட்டல் கேமராவில் மாட்டிப் பார்த்தால் அது போயே போச்சு. கே1000இல் பிளாஷுக்கு 1/60க்கு மேல் வைத்தால் பாதிப்படம் இருட்டாகும் என்பதும் சொல்லாமல் தெரியாது. காலாவதியான கலர் ரோல்களைச் செத்த ரோலாகப் பழகக் கொடுக்கலாம், படம் எடுக்கக் கொடுக்கக் கூடாது. வெளிறிய நிறத்துக்குக் காரணம் பிலிமா கையா என்று பழகுபவருக்குத் தெரியாது. நெகட்டிவைப் பெரிதாக்கிப் பிரின்ட் போடும் என்லார்ஜர் இரண்டாம் வருஷத்துக்கு. இப்போது கொடுத்தால் துணி உலர்த்தத்தான் ஆகும். அதே போல மூன்று லென்ஸ் கொடுக்கும் காசில் ஒரே 50 மில்லிமீட்டர் லென்ஸும் மூன்று ரோலும் கொடுங்கள்.

நிபந்தனை என்று ஒன்று போடலாம் என்றால், முதல் ரோலின் நெகட்டிவைக் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்பது மட்டும். ஸ்கேன் வேண்டாம், போனில் அனுப்பிய படம் வேண்டாம், நெகட்டிவ். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, படத்துக்கு முன்னால் ஓரத்து எழுத்தைப் பாருங்கள். பிறகு கட்டங்களுக்கு நடுவே இடைவெளி சமமாக இருக்கிறதா. அதன் பிறகுதான் யாரை எடுத்திருக்கிறாய் என்ற கேள்வி.